அன்றாடக் குறிப்பும் வாழ்க்கைக் கதையும்

தன் வாழ்க்கையைத் தானே எழுதுவதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. நடப்பதை அன்றன்றே குறித்து வைப்பது ஒன்று. நடந்து முடிந்ததைப் பின்னாளில் திரும்பிப் பார்த்து, தன்னை அறியாத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வது இன்னொன்று. முதலாவது நாட்குறிப்பு, இரண்டாவது தன்வரலாறு. நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. தன்வரலாறு எழுதுகிறவருக்கோ கதை எங்கே போய் முடிந்தது என்பது தெரியும். அதனால் இரண்டின் குணமும் வேறு. என்றாலும் குறிப்பு ஏதும் இல்லாமல் எழுதப்படும் தன்வரலாறு பெரும்பாலும் பொதுவான பேச்சாக நீர்த்துப் போகிறது. வாழ்க்கையை எழுத விரும்பும் எவரும் முதலில் கைக்கொள்ள வேண்டியது குறிப்பு எழுதும் வழக்கத்தைத்தான்.

தமிழில் நாட்குறிப்பு என்றதும் முதலில் வந்து நிற்கும் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளையைத் தொடர்ந்து புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். வணிகராக வளர்ந்து, பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, உயர்ந்து, ஆளுநர் துய்ப்ளேக்ஸின் நம்பிக்கையைப் பெற்றார். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி தொடங்கிய எழுத்து 1761 ஜனவரி வரை நீண்டது. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே மாதத்தில் அவரும் இறந்தார். இடையிடையே சில பகுதிகள் கிடைக்காமல் போயிருந்தாலும், கால் நூற்றாண்டுக் காலத்தை ஒரு தனிமனிதரின் கண்வழியே காட்டும் இதுபோன்ற ஆவணம் இந்திய மொழிகளில் மிக அரிது.

அவர் எதை எழுதினார் என்பதைக் கவனித்தால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். துறைமுகத்துக்கு வந்த கப்பல், புறப்பட்ட கப்பல், அதில் ஏறிய சரக்கு, துணியின் விலை, ஆளுநர் மாளிகையில் நடந்த உரையாடல், ஊரில் உலவிய வதந்தி, யாருக்கு யார் கையூட்டுக் கொடுத்தார் என்ற செய்தி, தன் ஜாதகப் பலன் எல்லாம் அதில் உண்டு. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்ததும், அதையொட்டி அந்தப் படையை நடத்திய லபூர்தொன்னேக்கும் துய்ப்ளேக்ஸுக்கும் மூண்ட பிணக்கும், 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும், அந்த ஆண்டில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அன்றன்றைய பரபரப்போடு பதிவாகியிருக்கின்றன. மொழியும் அன்றைய புதுச்சேரித் தெருவின் மொழிதான். போர்த்துகீசியம், பிரெஞ்சு, தெலுங்கு, பாரசீகம் எல்லாம் கலந்த பேச்சுத் தமிழ். புலவர் நடையில் எழுத அவர் முயலவில்லை. அவருடைய குறிப்பு இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அது பெரிய காரணம்.

இத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் எழுத அவரால் எப்படி முடிந்தது? அவர் வணிகர் என்பதை மறந்துவிடக் கூடாது. வணிகக் குடும்பங்களில் அன்றைய வரவு செலவை அன்றைக்கே நாள்வழியில் பதிந்து, பிறகு பேரேட்டில் ஏற்றுவது பிள்ளைப் பருவத்திலிருந்தே பழக்கப்படும் ஒழுக்கம். ஒரு நாள் விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும். அந்தக் கை, காசைத் தாண்டி ஊர் நடப்பையும் பதியத் தொடங்கியபோது நாட்குறிப்பு பிறந்தது என்று கொள்வதில் தவறில்லை. எழுத்து அவருக்கு மனநிலையைப் பொறுத்து வருவதாக இருக்கவில்லை. நாள் முடிவில் செய்யும் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அவர் குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரும் நாட்குறிப்பு எழுதினார்கள். அதே ஊரில் இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய குறிப்பும் கிடைத்திருக்கிறது. வழக்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி நல்ல சான்று.

பிள்ளையின் கையெழுத்துப் படிகள் அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். பின்னர் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. எழுதியவருக்கு இப்படி ஒரு வாசகர் கூட்டம் வரும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சரக்கு விலையையும் கப்பல் பெயரையும் அவர் குறித்தது தன் தேவைக்காக. இன்று வரலாற்றாசிரியர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

குறிப்பு எழுதுவது ஏன் அவசியம் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. மனித நினைவு நம்பத் தகுந்த சாட்சி அன்று. 1986 ஜனவரி 28ஆம் தேதி அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியது. மறுநாளே அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒரு பகுதியினரிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் சொன்ன விவரங்களில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. அப்படித் தவறாகச் சொன்னவர்கள் பலரும் தாங்கள் சொல்வது சரியே என்று உறுதியாக நம்பினார்கள். தங்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டிய பிறகும், இப்போது நினைவிருப்பதுதான் உண்மை என்று சாதித்தவர்கள் உண்டு. ஒரு நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சிக்கே இந்தக் கதி என்றால், பாட்டி சொன்ன ஒரு வார்த்தையும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த இரவும் எத்தனை முறை உருமாறியிருக்கும்! அதற்காக நினைவிலிருந்து எழுதுவதைக் கைவிட வேண்டியதில்லை. நினைவோடு வைத்துச் சரிபார்க்கக் கையில் ஏதேனும் ஒரு தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாளின் அருமையை அறிந்தவர் உ.வே.சாமிநாதையர். 1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட அவர், ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது எண்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆனந்த விகடனில் 1940 ஜனவரியில் தொடங்கி வாரந்தோறும் வெளிவந்தது. அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். 122 அத்தியாயங்கள். 1942 ஏப்ரல் 28ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் ஐயர் காலமானதோடு எழுத்து நின்றது. அப்போது கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியைத்தான் எட்டியிருந்தது. மீதி நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்க்கை அவர் கையால் எழுதப்படவில்லை. நூலாக வந்தது 1950இல்.

முற்றுப்பெறாத அந்த நூல்தான் தமிழ்த் தன்வரலாறுகளில் தலையாயது என்று சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. அதன் வலிமை எங்கே இருக்கிறது? பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பெரிய கதையில் மட்டும் இல்லை. ஊர் ஊராகக் குடும்பம் இடம்பெயர்ந்த வறுமை, சங்கீத வித்துவானான தந்தை, உணவிட்ட வீடுகள், பாடம் சொன்ன திண்ணைகள், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை முதன்முதலாகக் கண்ட நாள் என்று ஒவ்வொன்றும் இடத்தோடும் பெயரோடும் வருகிறது. சேலம் இராமசுவாமி முதலியாரைக் கும்பகோணத்தில் சந்தித்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற கேள்வியை எதிர்கொண்ட நாள் 1880 அக்டோபர் 21 என்று தேதியே இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நாள் அது. தமக்கு வந்த கடிதங்களை அவர் போற்றிக் காத்தார். அவை இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி தனித் தொகுப்பாக அச்சேறியும் விட்டது. ஒரு கடிதத்தின் தேதி, ஒரு புத்தகத்தின் முகவுரை, ஓர் ஏட்டின் ஓரத்தில் எழுதிய குறிப்பு ஆகியவையே முதுமையில் நினைவுக்கு ஊன்றுகோலாக நின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழு வரலாற்றையும் எழுத உட்காருவதற்கு முன்பே ஐயர் சின்னச் சின்னக் கட்டுரைகளில் தன் வாழ்க்கைச் சம்பவங்களை எழுதிப் பழகியிருந்தார். தாம் கண்ட ஒரு மனிதர், கேட்ட ஒரு கதை, ஒரு பிரயாணம் என்று ஒன்றொன்றையும் தனித்தனியே சொன்ன கட்டுரைகள் அவை. ‘நான் கண்டதும் கேட்டதும்’, ‘பழையதும் புதியதும்’, ‘நினைவு மஞ்சரி’ போன்ற தொகுப்புகளில் அவற்றைக் காணலாம். தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றையும் இரண்டு பாகங்களாக எழுதி முடித்திருந்தார். பிறந்த நாள் முதல் இன்றுவரை எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பள்ளிக்கூடப் பருவத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள். ஒரு நாள், ஒரு மனிதர், ஒரு வீடு என்று தனித்தனியே எழுதிச் சேர்த்தால் ஒரு கட்டத்தில் அவை தாமாகவே வரிசைப்படும்.

வாரத் தவணை என்பதும் சாதாரண விஷயமில்லை. காந்தியின் சத்திய சோதனையும் அப்படி உருவானதுதான். உடனிருந்தவர்கள் வற்புறுத்தி அவர் முன்பே ஒருமுறை எழுதத் தொடங்கியிருந்தார். முதல் தாளைத் தாண்டுவதற்குள் பம்பாயில் கலவரம் மூண்டதால் அது நின்றுபோனது. பிறகு 1925இன் இறுதியில் நவஜீவன் இதழில் குஜராத்தியில் வாரந்தோறும் எழுதத் தொடங்கி 1929 பிப்ரவரியில் முடித்தார். ஓய்வு கிடைத்ததும் எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் அந்த நூல் வந்தேயிருக்காது. எப்படியும் இதழுக்கு வாரம் ஏதேனும் எழுதியாக வேண்டும், அது இதுவாகவே இருக்கட்டும் என்ற ஏற்பாடுதான் அதை முடித்து வைத்தது. பத்திரிகைத் தவணை எல்லோருக்கும் வாய்க்காது. அதன் இடத்தில் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் ஒரு பக்கம் எழுதித் தங்கைக்கு அனுப்புவது, மாதம் ஒருமுறை நான்கு நண்பர்கள் கூடி எழுதியதை வாசிப்பது, பேரப் பிள்ளைக்கு ஒவ்வொரு பிறந்த நாளிலும் ஒரு கடிதம் எழுதுவது எல்லாம் தவணைகளே. எழுத்தை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்பது பெரிய உந்துதல்.

புத்தாண்டில் கையில் கிடைக்கும் புது டைரியில் முதல் சில பக்கங்கள் நிரம்பி, பொங்கலுக்குப் பிறகு வெறும் தாளாகக் கிடப்பது பல வீடுகளில் காணும் காட்சி. சோம்பேறித்தனம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. பக்கம் முழுதும் நிரப்ப வேண்டும் என்று அச்சிட்ட தாள் கேட்கிறது. ஒரு நாள் விட்டுப்போனால் வெள்ளைப் பக்கம் குற்றம் சாட்டுகிறது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவரோடு பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆவதாகக் கண்டார்கள். ஆளைப் பொறுத்து அது 18 நாளாகவும் இருந்தது. 254 நாளாகவும் கணக்கிடப்பட்டது. அதே ஆய்வு சொன்ன மற்றொரு செய்தி எழுதுகிறவர்களுக்கு மிகவும் ஆறுதலானது: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு புதியதை இணைத்துக்கொள்வதும் உதவுகிறது. இரவு கதவைத் தாழிட்டதும் ஐந்து வரி, காலைக் காபி ஆறுவதற்குள் ஐந்து வரி என்று அளவைச் சுருக்கிக்கொள்வது நல்லது. தேதி அச்சிடாத சாதாரண நோட்டு டைரியைவிட மேல். எழுதும் நாளில் தேதியைத் தானே போட்டுக்கொள்ளலாம். விட்டுப்போன நாட்களை நிரப்ப முயன்று களைப்பதைவிட இன்றைய தேதியிலிருந்து மறுபடி தொடங்குவது எளிது. லண்டனில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ்கூடப் பல நாள் நிகழ்ச்சிகளைச் சிறு குறிப்புகளாக வைத்திருந்து, ஒருசேர உட்கார்ந்து எழுதியதுண்டு.

எதை எழுதுவது என்பதில்தான் பலருக்கும் தயக்கம். மனம் சரியில்லை, நல்ல நாள், மறக்க முடியாத அனுபவம் என்றெல்லாம் எழுதினால் பத்தாண்டு கழித்துப் படிக்கும்போது எழுதியவருக்கே எதுவும் தெரியாது. வீட்டுக்காரர் வாடகையை எவ்வளவு ஏற்றினார், அன்று தக்காளி என்ன விலை, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன சொன்னார், அம்மா எந்தப் புடவை கட்டியிருந்தார் என்று எழுதினால் அந்த நாள் முழுதாகத் திரும்பி வரும். உணர்ச்சியைப் பொருள்கள் தூக்கிக்கொண்டு வருகின்றன. அந்த வகையில் தமிழ் வீடுகளில் பெண்கள் எழுதிய வரவு செலவு நோட்டுகள் இன்னும் உரிய மதிப்புப் பெறாத நாட்குறிப்புகள். பால் கணக்கு, சீட்டுப் பணம், அடகு மீட்ட தேதி, ஆஸ்பத்திரிச் செலவு, திருமணத்துக்கு எழுதிய மொய் என்று ஒரு குடும்பத்தின் நல்லதும் கெட்டதும் அவற்றில் வரிசையாக நிற்கின்றன. அந்த நோட்டுகளை அடிப்படையாக வைத்தே ஒரு வாழ்க்கையை எழுதிவிட முடியும்.

படித்தவர்களும் புகழ்பெற்றவர்களும் மட்டுமே எழுத வேண்டியது இது என்ற எண்ணம் பழையது, தவறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்ற பெண் பன்னிரண்டு வயதில் மணமாகி, பெரிய குடும்பத்தின் சமையலுக்குள் அடைபட்டார். படிக்கும் பெண் விதவையாவாள் என்று நம்பிய காலம் அது. சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு, அடுக்களையில் யாரும் அறியாமல் படிக்கக் கற்றார். எழுதக் கற்றது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. அவர் எழுதிய ‘ஆமார் ஜீபன்’ வங்க மொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படுகிறது. அதில் போர் இல்லை, பதவி இல்லை. சாப்பிட நேரமின்றிப் போன ஒரு நாளைக்கூட அவர் விவரமாகச் சொல்கிறார். வங்கப் பெண்ணின் வாழ்நிலையை அதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஏடு குறைவு.

தமிழில் பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அதே போன்ற ஒரு கதவு திறந்தது. தன் கிராமத்தின் பேச்சு மொழியிலேயே, ஆண்டு வரிசையைப் பொருட்படுத்தாமல், ஊர், வேலை, விளையாட்டு, பள்ளி, மடம் என்று நினைவுகள் ஒன்றையொன்று இழுத்துவரும் போக்கில் எழுதப்பட்ட நூல் அது. ஒரு தலித் பெண்ணின் வாழ்க்கையை அவளே சொல்வது எழுத்துத் தமிழுக்குப் புதிதாக இருந்தது. இலக்கண சுத்தமான நடையில் எழுதியிருந்தால் அந்த ஊர் அதில் இருந்திருக்காது. எழுதத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்து பெறும் துணிவு பெரிது. வீட்டில் பேசும் மொழியில் எழுதலாம். கோவைக்காரர் கோவைத் தமிழிலும் யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத் தமிழிலும் எழுதுவதில் குறை ஒன்றுமில்லை. தாத்தா சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்தால், அவரோடு போய்விடக்கூடிய சொற்களும் மிஞ்சும்.

நாட்குறிப்பை அப்படியே அச்சிட்டால் அது தன்வரலாறு ஆகிவிடாது. ஆன் ஃபிராங்கின் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். 1942 ஜூன் 12ஆம் தேதி, பதின்மூன்றாம் பிறந்த நாளில் கிடைத்த நோட்டில் அந்தச் சிறுமி எழுதத் தொடங்கினாள். நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த வீட்டில் 1944 மார்ச் 28ஆம் தேதி கேட்ட, லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலி ஒலிபரப்பில், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மக்கள் காத்து வைக்க வேண்டும், போருக்குப் பின் அவை தொகுக்கப்படும் என்று அமைச்சர் போல்கெஸ்டெய்ன் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்ட பிறகு அவள் தன் குறிப்புகளை மறுபடி எழுதத் தொடங்கினாள். சிலவற்றை வெட்டினாள், சிலவற்றைச் சேர்த்தாள், இடங்களை விளக்கினாள், ஆட்களுக்கு வேறு பெயர் வைத்தாள். கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1. மூன்று நாள் கழித்து அங்கே ஒளிந்திருந்த எல்லோரும் பிடிபட்டார்கள். தந்தை ஓட்டோ ஃபிராங்க் 1947இல் நூலாக வெளியிட்டார். பதினைந்து வயதுப் பெண் தானாகவே கண்டுகொண்ட பாடம் அது. தனக்காக எழுதும்போது விட்டுவிடும் விளக்கங்கள் பிறருக்காக எழுதும்போது வேண்டியிருக்கும். தனக்காக எழுதிய புலம்பல்களில் பாதி பிறருக்கு வேண்டாததாக இருக்கும்.

துயரத்தை எழுதினால் மனம் இலேசாகும் என்று சொல்வதுண்டு. இதை முறையாகச் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அவரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் சுகாதார நிலையத்துக்குப் போனது குறைந்தது. பின்னர் நடந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்று தெரிகிறது. ஒரே வேதனையை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களைவிட, இது ஏன் நடந்தது, மற்றவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்வையை மாற்றி எழுதுகிறவர்களே அதிகப் பலன் பெற்றதாகவும் பென்னிபேக்கர் கண்டார். ஆகவே நாட்குறிப்பை மருந்து என்று விற்பதும் தவறு, பயனற்றது என்று தள்ளுவதும் தவறு. எழுத எழுதத் துன்பம் கூடுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு ஒரு மனிதரிடமோ மருத்துவரிடமோ பேசுவதே சரி.

தன் வாழ்க்கை என்று ஒருவர் எழுதுவது ஒருபோதும் அவருடையது மட்டுமாக இருப்பதில்லை. கணவன், மனைவி, உடன்பிறந்தார், அண்டை வீட்டார் எல்லோரும் அவர்கள் சம்மதம் கேட்கப்படாமலே அதற்குள் வந்து நிற்கிறார்கள். தனி நோட்டில் எதையும் எழுதலாம். பிறர் கண்ணுக்குப் போகும்போது பொறுப்பு கூடுகிறது. மற்றவருடைய நோய், கடன், மணமுறிவு போன்றவற்றை வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டிக் கேட்பது முறை. குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அவர்கள் வளர்ந்த பிறகு அதைப் படிப்பார்கள் என்ற நினைப்பு வேண்டும். பழிவாங்க எழுதியது பெரும்பாலும் மோசமான எழுத்தாகவும் இருந்துவிடுகிறது. காரணம், அதில் எதிராளிக்கு ஒரு முகம்தான் இருக்கும். அதே சமயம், குடும்ப மானம் என்ற பெயரில் ஒருவர் பட்ட கொடுமையை மூடி மறைக்கச் சொல்வதற்கும் நியாயம் இல்லை. பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், வெளியிடுவதைத் தள்ளி வைக்கலாம். எழுதாமல் விடத் தேவையில்லை.

கையால் எழுதுவதா, கைபேசியில் தட்டுவதா என்பது அவரவர் வசதி. கைபேசியில் தேதியும் நேரமும் தானே பதியும், தேடுவது எளிது. ஆனால் கருவி கெட்டாலோ கடவுச்சொல் மறந்தாலோ எல்லாம் போய்விடும். ஆகவே ஆண்டுக்கொரு முறையாவது அச்செடுத்து வைப்பது நல்லது. எழுதத் தெரியாதவர்களும் கண் மங்கியவர்களும் பேசினால் போதும், வீட்டுப் பிள்ளை ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதியும்போது உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரியவர்கள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். பிறந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், புயலின்போது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் கதை ஊறும்.

நம் ஊர் வெயிலும் ஈரமும் தாளுக்குப் பகை. இராமபாணப் பூச்சியும் செல்லும் சில ஆண்டுகளில் ஒரு பெட்டியைத் தின்றுவிடும். நோட்டுகளைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. காற்றோட்டமான அலமாரியில், ஆண்டுக்கு இரண்டொரு முறை எடுத்துத் தட்டித் துடைத்து வைக்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளோடு வசம்பு வைப்பது பழைய வழக்கம். பென்சில் எழுத்து நெடுநாள் நிற்கும். பல பேனா மைகள் வெளுத்துவிடும். கடைகளில் தரும் வெப்ப அச்சு ரசீதுகள் சில மாதங்களிலேயே மறைந்துபோகும் என்பதால் தேவையானதைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். புகைப்படங்களின் பின்னால் யார், எங்கே, எந்த ஆண்டு என்று மென்மையான பென்சிலால் எழுதி வைக்காவிட்டால், இரண்டு தலைமுறை கழிந்தபின் அவை யாரோ ஒருவரின் படங்கள்.

வீட்டில் வைத்துக் காக்க இயலாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் தாள்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புத்தகங்களோடு கடிதங்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் காத்துவருகிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை நூலகம் நிறுவனம் மின்வடிவில் சேர்க்கிறது. தாத்தாவின் பழைய டைரியையோ பாட்டியின் கணக்கு நோட்டையோ எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் இத்தகைய ஓர் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.